டீக்கடை கிளாஸ்ல இருந்து கோர்ட் வரைக்கும்: ஊர்ல தீண்டாமைய எதிர்த்து நிக்க ஒரு முழு வழிகாட்டி

மாசத்துக்கு ரெண்டு பேராவது போன் பண்ணி "அண்ணே, எங்க ஊர் டீக்கடைல இன்னும் நமக்குத் தனி கிளாஸ்தான், வீடியோ எடுத்துப் போட்ருவோமா"ன்னு கேக்குறாங்க. போடலாம்தான். ஆனா போட்ட மறுநாள் காலைல உங்கம்மாவுக்குக் களையெடுக்குற வேலை இருக்குமா, உங்க வீட்டுப் பால அந்த சொசைட்டில ஊத்திக்குவாங்களா, ஊர்க்கடைல கடனுக்கு அரிசி குடுப்பாங்களான்னு யோசிச்சீங்களான்னு திருப்பிக் கேட்டா பாதிப் பேர் அமைதியாயிடுறாங்க. பயமுறுத்தறதுக்காகக் கேக்கல, வேலைய எங்க ஆரம்பிக்கணும்னு காட்டத்தான் கேக்குறேன்.

பல ஊர்ல போராட்டம் அடிதடில தோத்ததில்ல, வயித்துலதான் தோத்துச்சு. அதனால இந்த வழிகாட்டில சட்டம் ரெண்டாவதுதான் வரும்.

யாரு யாரை நம்பி இருக்காங்கன்னு ஒரு கணக்கு

ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. காலனில எத்தன வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் கூலி எங்க இருந்து வருது, யாரு நிலத்துல வேலை, வட்டிக்கு யாருகிட்ட வாங்கியிருக்காங்க, வீட்டு மனைக்குப் பட்டா இருக்கா, ஆடு மாடு மேய எந்த வழியாப் போகுது, சுடுகாட்டுக்குப் போற பாதை யாரு பட்டா நிலத்துல கெடக்கு, எல்லாத்தையும் எழுதுங்க. எழுதி முடிச்சீங்கன்னா எந்த ஏழு வீடு முதல்ல அடி வாங்கும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். அந்த ஏழு வீட்டுக்கு ஒரு ரெண்டு மாசம் தாக்குப்பிடிக்க என்ன வழின்னு பாத்துட்டு அப்புறம் அடுத்த அடி வைங்க. நூறு நாள் வேலை அட்டை இருக்கான்னு பாருங்க, இல்லாதவங்களுக்கு இப்பவே போடுங்க, ரேஷன் கார்டு சரியா இருக்கான்னு பாருங்க, டவுன்ல வேலை பாக்குற பசங்ககிட்ட மாசம் எரநூறு முன்னூறுன்னு ஒரு பொது நிதி சேருங்க, மகளிர் குழு இருந்தா அதுல பேசி அவசரக் கடனுக்கு ஏற்பாடு பண்ணுங்க. கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா ஊர்க்கட்டுப்பாடு போட்டா பதினஞ்சு நாள்ல காலனியே மடங்கிடும்ங்கற நம்பிக்கைலதான் எதிர்த்தரப்பு இருக்கும், அந்தக் கணக்க உடைக்கிறது இதுதான்.

இன்னொண்ணு, வேலை குடுக்காதே, பொருள் விக்காதேன்னு ஊர் கூடி முடிவு பண்றது, அதாவது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு, 2015 திருத்தத்துக்கு அப்புறம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல நேரடிக் குற்றம். "அவங்க கடை, அவங்க இஷ்டம்"னு போலீஸே சொல்லும், ஏமாறாதீங்க. எந்தத் தேதில, எந்தக் கடைல, யாரு, என்ன சொல்லிப் பொருள் தரமாட்டேன்னாங்க, பக்கத்துல யாரு நின்னாங்க, இதெல்லாம் அதே நோட்டுல ஏறணும்.

தீண்டாமைய எண்ணுங்க

"எங்க ஊர்ல ஜாதிக் கொடுமை இருக்கு"ன்னு சொன்னா எந்த அதிகாரியும் தலையாட்டிட்டுப் போயிடுவார். "எங்க ஊர்ல மூணு டீக்கடைல ரெண்டுல எங்களுக்கு பேப்பர் கப், மத்தவங்களுக்குக் கண்ணாடி கிளாஸ், சலூன்ல எங்களுக்கு முடி வெட்ட மாட்டாங்க, செருப்பு போட்டு ஊர்த்தெருவுல நடக்க முடியாது, திருவிழாவுல எங்க தெருவுக்குத் தேர் வராது"ன்னு சொன்னா அவர் பேனாவ எடுத்தே ஆகணும். இப்ப இரட்டைக் குவளை பழைய மாதிரி சிரட்டையும் அலுமினிய டம்ளருமா இல்ல, யூஸ் அண்ட் த்ரோ கப்பா மாறிடுச்சு, கேட்டா "சுத்தத்துக்காக எல்லாருக்கும்தான்"னு சொல்வாங்க. அதனால மூணு நாலு நாள் வேற வேற நேரத்துல உக்காந்து யாருக்கு எதுல குடுக்குறாங்கன்னு பாத்து எழுதுங்க. தீண்டாமை ஒழிப்பு முன்னணி மாதிரி அமைப்புகள் ஊர் ஊராப் போயி சர்வே எடுத்தது இப்படித்தான். மதுரை மாவட்டம் உத்தப்புரத்துல 1989 கலவரத்துக்கப்புறம் தலித் மக்கள மறிச்சு எழுப்புன சுவர் ஏறக்குறைய இருவது வருஷம் அப்படியே நின்னுச்சு, 2008ல அதுல கரண்ட் குடுத்த விஷயம் வெளில வந்து, போராட்டமும் நடந்து, அந்த வருஷம் மே 6ந்தேதி அரசாங்கமே ஒரு பகுதிய இடிச்சுப் பாதை விட்டுச்சு. அதோட கதை முடிஞ்சிடல. எதிர்த்தரப்பு ரேஷன் கார்ட திருப்பிக் குடுத்துட்டு ஊரக் காலி பண்ணி மலையடிவாரத்துல போயி உக்காந்தாங்க, தலித் மக்கள் கோயிலுக்குள்ள போக 2011 நவம்பர் ஆச்சு. சுவர் விழுந்த நாளுக்கும் கோயில் வாசலுக்கும் நடுவுல மூணரை வருஷம், இத மனசுல வெச்சுக்குங்க.

போட்டோ, வீடியோ எடுத்தா ஒரிஜினல் அந்த போன்லயே இருக்கட்டும், அழிச்சுடாதீங்க. வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் ஆன காப்பிய மட்டும் வெச்சுக்கிட்டு கோர்ட்ல நிக்க முடியாது, மின்னணு சாட்சியம்னா அதுக்குத் தனியா சான்றிதழ் குடுக்கணும், எடுத்த போன் யாருதுங்கற கேள்வி வரும். ஒரு போட்டோவோட பலம் என்னன்னா, கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டைல ஊராட்சித் தலைவரா ஜெயிச்ச தலித் பெண்ண கூட்டத்துல தரைல உக்கார வெச்சிருந்தாங்க, மத்தவங்க நாற்காலில. 2020 அக்டோபர்ல அந்தப் படம் வெளில வந்த பிறகுதான் கேஸ், கைது எல்லாம்.

ஆள் சேர்க்கிறது

ஒரே ஒரு துடிப்பான பையன முன்னாடி நிறுத்தாதீங்க, அவனத்தான் முதல்ல தூக்குவாங்க, இல்லாட்டி வாங்குவாங்க. குறைஞ்சது அஞ்சு பேர், அதுல ரெண்டு பேராவது பொம்பளைங்க. என் அனுபவத்துல காலனில விஷயத்த கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போறது பொம்பளைங்கதான், ஆம்பளைங்க பாதி வழில ஒரு கட்சிக்காரர் வந்து தோள்ல கைபோட்டா கரைஞ்சிடுறாங்க (கோவிச்சுக்காதீங்க, பாத்ததச் சொல்றேன்). அப்புறம் ஊர்த்தெருவுலயும் மனசு பொறுக்காதவங்க ஒண்ணு ரெண்டு பேர் இருப்பாங்க, ரிட்டையர்டு வாத்தியாரோ, வெளியூர்ல படிச்ச பொண்ணோ. அவங்கள மேடை ஏத்த வேண்டாம், சாட்சி சொல்லுன்னு இப்பவே நெருக்கவும் வேண்டாம், பேச்சு வார்த்தைய மட்டும் விட்ராதீங்க.

டவுன்ல ஒரு வக்கீல முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்குங்க. காசு இல்லன்னா பரவாயில்ல, எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமா வக்கீல் குடுக்கணும், கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும், 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். வன்கொடுமைக்குன்னே 14566னு ஒரு நம்பரும் இருக்கு, இது ரெண்டையும் எல்லார் போன்லயும் போட்டு வைங்க.

எந்தச் சட்டம், அதுல எது வேணும்

ஊர்ல எல்லாரும் "பி.சி.ஆர். கேஸ்"னுதான் சொல்வாங்க. பி.சி.ஆர். 1955ல வந்த குடிமை உரிமைச் சட்டம், தண்டனை கம்மி. நமக்குப் பெரும்பாலும் வேண்டியது 1989ல வந்த எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், புகார்ல அந்தப் பேர எழுதுங்க. பொது கிணறு, சுடுகாடு, பாதை, கடை, கோயில் இதுல தடுத்தாலும், செருப்பு போட்டா, பைக் ஓட்டுனா, புதுத்துணி போட்டா தடுத்தாலும் பிரிவு 3ல குற்றம். முன்ஜாமீன் பொதுவாக் கிடையாது. விசாரிக்கிறது டி.எஸ்.பி. ரேங்க்குக்குக் கீழ இருக்கக்கூடாது, 60 நாளைக்குள்ள விசாரணை முடியணும். கடமையச் செய்யாத அதிகாரி மேலயே பிரிவு 4ல 6 மாசத்துல இருந்து 1 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, இத ஸ்டேஷன்ல மரியாதையா ஒரு தடவ சொன்னாலே டோன் மாறும்.

2018 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டத்த நீர்த்துப்போக வெச்சது, முதல்ல பூர்வாங்க விசாரணை, கைதுக்கு அனுமதின்னெல்லாம் போட்டாங்க. ஏப்ரல் 2 நாடு முழுக்க பந்த், வடக்க பல பேர் உயிர் போச்சு. அப்புறம் பார்லிமென்ட் அதே வருஷம் 18ஏ பிரிவ சேத்து பழைய நிலைக்குக் கொண்டு வந்துச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட்டும் ஒத்துக்கிச்சு. இத எதுக்குச் சொல்றேன்னா இன்னைக்கும் சில ஸ்டேஷன்ல "விசாரிச்சிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர். போடுவோம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு"ன்னு அந்த பழைய தீர்ப்பத்தான் சொல்லிட்டு இருக்காங்க.

ரெண்டு எடத்துல கவனம். ஜாதி சொல்லித் திட்டுனதுன்னா அது பொதுமக்கள் பார்வைல நடந்ததா இருக்கணும், நாலு சுவத்துக்குள்ள யாருமே இல்லாம நடந்தா அந்தப் பிரிவு நிக்காதுன்னு 2020ல தீர்ப்பு இருக்கு, அதனால எந்த எடம், சுத்தி யாரு இருந்தாங்கன்னு புகார்லயே வரணும். அடுத்து, பாதிக்கப்பட்டவர் கிறிஸ்தவரா மாறி சான்றிதழும் கிறிஸ்தவர்னே இருந்தா இந்தச் சட்டம் பொருந்தாது, 1950 ஜனாதிபதி ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டும்தான் எஸ்.சி. கணக்கு. அநியாயம்தான், ஆனா கேஸ் போட்ட பிறகு உடையறதவிட முன்னாடியே வக்கீல்கிட்ட கேட்டு வேற பிரிவுல போறது நல்லது. ஜாதிச் சான்றிதழ் எல்லார்கிட்டயும் ரெடியா இருக்கட்டும், சம்பவம் நடந்தப்புறம் வி.ஏ.ஓ. ஆபீஸ்க்கு அலையற கொடுமை வேண்டாம்.

மனு

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போறது பழக்கம், போங்க, ஆனா வெறுங்கையோட திரும்பாதீங்க, மனு ரசீது நம்பர் இல்லாம அந்த மனு பிறக்கவே இல்லன்னு அர்த்தம். ஒரே மனுவ கலெக்டர், எஸ்.பி., ஆதிதிராவிடர் நல அலுவலர் மூணு பேருக்கும் ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க. ஒரு பக்கத்துக்கு மேல எழுதாதீங்க, முதல் பத்தில என்ன நடந்துச்சு, ரெண்டாவதுல என்ன வேணும். "நடவடிக்கை எடுக்க வேண்டும்"னு பொதுவா முடிக்காம "இன்ன கடைல தனிக் கப் வெச்சிருக்கறத நிறுத்தி வழக்கு போடணும், இன்ன சர்வே நம்பர் பாதைய அளந்து விடணும்"னு கேளுங்க.

சுடுகாட்டுப் பாதைய அவசரம் வர்ற வரைக்கும் தள்ளிப்போடாதீங்க. 2019 ஆகஸ்ட்ல வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்துல பாதை விடாததால பாலாத்துப் பாலத்துல இருந்து கயித்துல கட்டிப் பொணத்த இறக்குனாங்களே, ஞாபகம் இருக்கா, வீட்டுல சாவு விழுந்த அன்னைக்கு யாரும் சர்வேயர் தேடிட்டு இருக்க முடியாது.

கிராம சபைய சும்மா விடாதீங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு. தீர்மானத்த முன்னாடியே எழுதிக் குடுத்து, நோட்டுல ஏத்துனத பாத்துட்டுக் கையெழுத்து போடுங்க. வெத்துத் தாள்ல முதல்லயே கையெழுத்து வாங்குறது எல்லா ஊர்லயும் நடக்குது.

முப்பது நாள் ஆச்சு, பதில் இல்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல (ஆர்.டி.ஐ.) மனு போடுங்க. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுனா போதும். என் மனு மேல என்ன நடவடிக்கைன்னு மட்டும் கேக்காம, வன்கொடுமைச் சட்டம் சரியா நடக்குதான்னு பாக்குற மாவட்ட விழிப்புணர்வு கண்காணிப்புக் குழு போன ரெண்டு வருஷத்துல எந்தெந்தத் தேதில கூடுச்சு, மினிட்ஸ் காப்பி குடுன்னு கேளுங்க. கலெக்டர் தலைமைல மூணு மாசத்துக்கு ஒரு தடவ கூடணும்னு விதி, கூடாத மாவட்டத்துல இந்த ஒரு கேள்வி நல்லா வேலை செய்யும். பதில் வரலன்னா 30 நாள்ல முதல் அப்பீல், அப்புறம் 90 நாள்ல ரெண்டாவது.

அதிகாரி ஊருக்கு வந்தார்னா ஒரு விஷயத்தோட விட்ராதீங்க. புதுக்கோட்டை வேங்கைவயல்ல 2022 டிசம்பர்ல குடிதண்ணித் தொட்டில மலம் கலந்த விஷயத்துக்குத்தான் கலெக்டர் வந்தாங்க, வந்த எடத்துல ஜனங்க இரட்டைக் குவளையும் சொன்னாங்க, கோயில்ல விடமாட்டேங்கறாங்கன்னும் சொன்னாங்க, கலெக்டரே கூட்டிட்டுப் போயி கோயிலுக்குள்ள விட்டாங்க, டீக்கடை மேல கேஸும் ஆச்சு. ஆனா தொட்டிக் கேஸ் எங்க போச்சு பாருங்க, 2025 ஜனவரில சி.பி.சி.ஐ.டி. போட்ட குற்றப்பத்திரிகைல அதே பட்டியல் சாதிக்காரங்க மூணு பேர் பேர்தான் இருந்துச்சு, ஊர் ஜனம் அத ஏத்துக்கவே இல்ல. அதனாலதான் முதல் நாள்ல இருந்து நம்ம கைல தனியா ஒரு பதிவு இருக்கணும்ங்கறேன்.

ஸ்டேஷன்

சம்பவம் நடந்துடுச்சு, அடி, திட்டு, எதுவோ. அடிபட்டவங்கள முதல்ல ஜி.எச்.ல சேருங்க, யாரு அடிச்சாங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லி விபத்துப் பதிவேட்டுல ஏறுதான்னு பாருங்க, "கீழ விழுந்துட்டேன்"னு சொல்லச் சொல்லுவாங்க, சொல்லாதீங்க. அங்க இருந்தே ஸ்டேஷனுக்குத் தகவல் போகும்.

நேர்ல போனா மூணு பேருக்கு மேல வேண்டாம், ரெண்டு காப்பி புகார். இங்கதான் நம்மாளுங்க நிறைய ஏமாறுறது: சி.எஸ்.ஆர். ரசீது குடுத்து "கேஸ் போட்டாச்சு, போங்க"ன்னு அனுப்பிடுவாங்க. சி.எஸ்.ஆர். வெறும் மனு ரசீது, எஃப்.ஐ.ஆர். இல்ல. எஃப்.ஐ.ஆர்.ல நம்பர், சட்டப்பிரிவு, வன்கொடுமைச் சட்டம் எல்லாம் இருக்கும், காப்பி இலவசமாக் குடுத்தே ஆகணும். "எங்க எல்லை இல்ல"ன்னு சொன்னா எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம். மறுத்தா எழுத்துல எஸ்.பி.க்கு அனுப்புங்க, அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட். 2024 ஜூலைல இருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சி.ஆர்.பி.சி.) போயி புதுசா பி.என்.எஸ்.எஸ். வந்துட்டதால பழைய மாதிரி மனுவுல எஃப்.ஐ.ஆர். போடுற பிரிவ 154ன்னு எழுதாதீங்க, இப்ப அது 173.

எதிர்த்தரப்பும் நம்ம மேல ஒரு எதிர்க்கேஸ் (கவுண்டர் கேஸ்) போடும். எழுதி வெச்சுக்குங்க, நிச்சயம் வரும், நம்மாளு மேல திருட்டு, பொம்பளைய கைய பிடிச்சு இழுத்தான், ஏதாவது ஒண்ணு, எதுக்குன்னா ரெண்டு பக்கமும் கேஸ் இருந்தா "ரெண்டு பேரும் வாபஸ் வாங்கிக்குங்க"ன்னு உக்கார வெக்கலாம். அதுக்காகத்தான் அன்னைக்கு யாரு எங்க இருந்தாங்கன்னு பஸ் டிக்கெட், வேலைக்குப் போன வருகைப் பதிவு எல்லாம் சேத்து வைங்கங்கறது. நம்ம பசங்களும் பதிலுக்குக் கைய ஓங்கக்கூடாது, ஒரு கல்லு நம்ம பக்கம் இருந்து போனாலும் ஆறு மாச வேலை வீண்.

சமாதானக் கூட்டம்

தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ கூப்பிடுவாங்க. போங்க, தனியாப் போகாதீங்க, அஞ்சு பேரும் போங்க. பேச்சு வார்த்தை தப்பில்ல, எழுத்துல என்ன வருதுங்கறதுதான் விஷயம். "இரு தரப்பும் அமைதி காப்போம்"னு ஒரு வரில முடியற தாள்ல கையெழுத்து போடாதீங்க. எந்தத் தேதில இருந்து ஒரே கிளாஸ், எந்தத் தேதிக்குள்ள பாதை அளக்கணும், மீறுனா என்னன்னு இருக்கணும். கேஸ வாபஸ் வாங்குறேன்னு அங்க வெச்சு எழுதிக் குடுக்காதீங்க, வக்கீல்கிட்ட கேட்டுட்டு வர்றோம்னு எழுந்திரிங்க.

ஆர்ப்பாட்டம், அப்புறம் நேரடியா உள்ள போறது

கூட்டம் கூடுறது அரசியல் சாசனம் குடுத்த உரிமை, ஆனா நம்ம ஊர்ல 30(2) போலீஸ் ஆக்ட் (அனுமதி வாங்காமக் கூட்டம் கூடக்கூடாதுங்கறது) அமல்ல இருக்குன்னு எப்பவும் ஒரு காரணம் சொல்வாங்க. அனுமதி கேட்டு எழுத்துல மனு குடுத்து ரசீது வாங்குங்க, மறுத்தா மறுப்பையும் எழுத்துல கேளுங்க. தென்மாவட்டம்னா மதுரை ஐகோர்ட் கிளைல அந்த உத்தரவ வெச்சு ரிட் போடலாம், இடம், நேரம் நிபந்தனையோட அனுமதி வாங்குனவங்க உண்டு.

கோயில் நுழைவோ, கிளாஸ்ல டீ குடிக்கிறதோ, ஒரு நாள் நிகழ்ச்சியா நினைக்காதீங்க. திருவண்ணாமலை தென்முடியனூர்ல 2023 ஜனவரி 30 கலெக்டர், போலீஸ் பாதுகாப்போட தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள்ள போனாங்க, பெரிய செய்தி. விழுப்புரம் மேல்பாதில தலித் மக்கள் உள்ள போறதுல தகராறு வந்து, அதே வருஷம் ஜூன்ல அதிகாரிங்க கோயிலையே சீல் வெச்சாங்க. அம்பேத்கர் 1927 மார்ச் 20ல மகாராஷ்டிராவுல இருக்குற மஹாத் குளத்துல தண்ணி எடுத்துக் குடிச்சப்ப, அந்தக் குளம் எல்லாருக்கும்னு நகராட்சி தீர்மானம் போட்டு மூணு வருஷம் ஆகியிருந்துச்சு, ஒருத்தரும் உள்ள விடல. குடிச்ச அன்னைக்கே அடி விழுந்துச்சு, கேஸ் பம்பாய் ஐகோர்ட்ல ஜெயிக்க 1937 ஆச்சு. அதனால போலீஸ் போன மறுநாளும், அடுத்த வாரமும், அடுத்த மாசமும் யாரு போறதுன்னு ஒரு முறை வெச்சுக்குங்க, ரெண்டு ரெண்டு பேரா, சத்தம் போடாம, காசு குடுத்து டீ குடிச்சிட்டு வர்றது. சின்னப் பிள்ளைங்கள முன்னாடி அனுப்பாதீங்க.

வீடியோவ எப்பப் போடறதுன்னு முதல்ல கேட்டீங்கல்ல, எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்தப்புறம் போடுங்க, பாதிக்கப்பட்டவங்க சம்மதத்தோட, பிள்ளைங்க முகம் மறைச்சு.

நிவாரணமும் கோர்ட்டும்

எஃப்.ஐ.ஆர். ஆனவுடனே பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசு நிவாரணம் தொடங்கணும், குற்றத்தப் பொறுத்து தவணை தவணையா வரும், தீர்ப்பு வர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. ஆதிதிராவிடர் நல ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்குங்க. "காசுக்காகத்தான் கேஸ் போட்டான்"னு ஊர்ல பேசுவாங்க, பேசட்டும், அது சட்டம் குடுக்கறது, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கோர்ட்ல கேஸ் விழுறது பெரும்பாலும் சாட்சி பிறழ்றதாலதான். மூணு வருஷம் கழிச்சு கூப்பிடுறப்ப சாட்சி அதே நிலத்துலதான் வேலை பாத்துட்டு இருப்பார், இல்ல திருப்பூர்ல இருப்பார், ஒரு நாள் கூலி போச்சுன்னா அடுத்த வாய்தாவுக்கு வரமாட்டார். முதல்ல எழுதச் சொன்னேனே அந்த ஏழு வீடு, அதுல இருந்துதான் பெரும்பாலும் சாட்சியும் வரும், பொது நிதிய அதுவரைக்கும் தொடாம வைங்க. அத விட முக்கியம், வன்கொடுமைத் தடுப்பு விதிகள்ல 11வது விதிப்படி பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் வந்து போற செலவும் தினப்படியும் அரசு குடுக்கணும். கேக்காம தரமாட்டாங்க. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்ட்டு வந்த பஸ் டிக்கெட்ட கசக்கிப் போட்றாதீங்க, நோட்டுலயே பின் பண்ணி தேதி எழுதி வைங்க.